குடும்பக் கட்டுப்பாடு: கணக்கும் உடலும்

காளப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். 'ரெண்டாவது பொறந்த மூணாம் நாளே ஆபரேசன் பண்ணி அனுப்பிட்டாங்க கண்ணு. வேற வழி இருக்குன்னு யாரு சொன்னா?' என்றார். 'பெரியப்பாவுக்குப் பண்ணியிருக்கலாமே' என்றேன். சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். இது ஒரு வீட்டு விஷயமல்ல. எதைச் சான்றாக வைத்து, எதற்குச் செலவழித்து இந்தக் கொள்கை உருவானது என்று பார்த்தால்தான் அந்தச் சிரிப்பு புரியும்.

தமிழகத்தில் கருத்தடை பற்றிய பேச்சு இரு திசைகளிலிருந்து வந்தது. மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டியபோது, பெண் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் என்றார் பெரியார். இன்னொன்று அரசின் பேச்சு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஆர்.ஏ. கோபாலசுவாமி, ஏற்கெனவே மூன்று பெற்றவள் மேலும் பெறுவதை 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பெயரிட்டு எண்ணினார். யாரை, என்ன பெயரில் எண்ணுவது என்பதிலேயே அதிகாரம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

1952இல் உலகிலேயே முதலாவதாக அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் இங்கே வந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒதுக்கீடு 65 லட்ச ரூபாய். 1956இல் சென்னை அரசு, அறுவை செய்துகொள்பவருக்குப் பணம் தர ஆரம்பித்தது. பிறகு ஆள் அழைத்து வருபவருக்கும் தந்தது. தலைக்கு இவ்வளவு என்கிற வழக்கம் நம்மிடமிருந்து கிளம்பியதுதான்.

இதன் இயக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஆணுறை வாங்கிப் போனவர் அதைப் பயன்படுத்தினாரா என்று எண்ண முடியாது. அறுவையை எண்ணலாம். எண்ண வருவது இலக்காகிறது. இலக்குக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. செலவான பணமோ 'மக்கள் இதைத்தான் கேட்கிறார்கள்' என்று அடுத்த ஆண்டுக்கான சான்றாகிறது. வேண்டாம் என்றவளுக்கு இந்த ஏட்டில் பத்தி கிடையாது.

நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. அவற்றில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. 1977இல் ஆட்சி கவிழ்ந்தது. அரசு கைவிட்டது வற்புறுத்தலை அல்ல, ஆண்களை. சுமை பெண்ணுடலுக்கு மாறியது. 1996இல் நாடு முழுவதும் இலக்குகள் விலக்கப்பட்டன என்றாலும் பணம் போன வழி மாறவில்லை.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை நடந்தது. அந்த மாவட்ட முகாம்களில் அறுவை செய்துகொண்ட பெண்களில் 13 பேர் இறந்தார்கள். விசாரிக்கப் போன பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா முதலிய அமைப்புகள் சாவை மட்டும் எழுதவில்லை, வரவுசெலவையும் பிரித்துப் பார்த்தன. 2013–14இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் செலவில் 85 விழுக்காடு பெண்களின் அறுவைக்கே போயிருந்தது. இடைவெளி முறைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. மருத்துவரின் அலட்சியம் என்று மூடியிருக்கக்கூடிய ஒன்றை, கொள்கையின் விளைவு என்று இந்தக் கணக்கு காட்டிவிட்டது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. 2017இல் கருத்தடை ஊசி அரசுத் திட்டத்துக்குள் வந்தது. இந்த வகை ஊசிகளைப் பெண்கள் அமைப்புகள் 1980களிலிருந்தே எதிர்த்து வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. வழிகள் கூடுவது வேறு, தேர்வு பெண்ணின் கைக்கு வருவது வேறு.

தமிழகத்தில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை 1.8. மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டது 0.1 விழுக்காடு. முதல் எண்ணைச் சொல்லி வெற்றி என்கிறோம். மற்ற இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது யாருடைய வெற்றி என்று தெரியும்.

புள்ளிவிவரம் அரசின் பாஷை, நமக்கெதற்கு என்று ஒதுங்குவது சிற்றிதழ்க்காரர்களின் பழைய வியாதி. தகவல் உரிமைச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. உங்கள் வட்டாரத்தில் எந்த முறைக்கு எவ்வளவு செலவு, ஆண்கள் எத்தனை பேர், அறுவை தோற்று இழப்பீடு கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக் கேளுங்கள். வேறு வழிகளை யாரிடம் சொன்னார்கள் என்பதை மட்டும் எந்த அலுவலகமும் தராது. அதைப் பெரியம்மாக்களிடம்தான் கேட்டு எழுத வேண்டும்.