காலடியில் கொஞ்சம் வெளிச்சம்: வண்டிக்குள் விளக்கு போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

விடியற்காலை 5 மணி. போடிநாயக்கனூரில் இன்னும் இருட்டுதான். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தூக்குவாளி, குடை, ஸ்வெட்டரோடு ஜீப்பில் ஏறுகிறார்கள். போடிமெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்குள் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத் தோட்டங்களுக்குப் போக வேண்டும். ஏறும்போது படி எங்கே, பக்கத்தில் இருப்பவர் கால் எங்கே, கீழே வைத்த பை எங்கே என்று தெரிவதில்லை. செல்போன் டார்ச்தான் துணை.

இதற்கு ஒரு எளிய தீர்வு இருக்கிறது. கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் சின்ன எல்இடி விளக்கு பொருத்துவது. கடைகளில் இதை ‘ஃபுட்வெல் லைட்’ என்பார்கள். செலவு குறைவு, பயன் அதிகம். ஆனால் தப்பாகப் பொருத்தினால் மலைப்பாதையில் அதுவே ஆபத்து. எது சரி, எது தப்பு? பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

அப்படியானால் ஒரு சின்ன விளக்குகூட போடக் கூடாதா? பயப்பட வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 108-வது விதி, வண்டியின் முன்பக்கம் சிவப்பு வெளிச்சமும், பின்பக்கம் சிவப்பு தவிர வேறு வெளிச்சமும் தெரியக் கூடாது என்கிறது. வண்டியின் உள்விளக்குக்கு இதே விதியில் விலக்கு உண்டு. எனவே விளக்கு உள்ளேயே இருக்க வேண்டும், வெளிச்சம் கீழ்நோக்கி விழ வேண்டும். வெளியே வழிந்தால் சிக்கல்.

ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பின்பக்கம் ஏறும் படிக்கு வெள்ளை விளக்கு போட்டு, அது ஓடும்போதும் எரிந்தால், பின்னால் வருபவருக்கு வெள்ளை வெளிச்சம் தெரியும். அது உள்விளக்கு ஆகாது. படிக்கு வெளிச்சம் வேண்டுமென்றால், விளக்கை பெஞ்சு சீட்டுக்கு அடியில் உள்பக்கமாகப் பொருத்தி, நிற்கும்போது மட்டும் எரிய விடுங்கள்.

கலர் கலராக மின்னும் விளக்குகள் வேண்டவே வேண்டாம். 2022 அக்டோபரில் வடக்காஞ்சேரி அருகே நடந்த சுற்றுலாப் பேருந்து விபத்தில் 9 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கேரளத்தில் கூடுதல் அலங்கார விளக்குகள் மீதான சோதனை கடுமையானது. தினமும் எல்லை தாண்டும் நம்ம ஊர் வண்டிகள் இதை மறக்கக் கூடாது.

ஓடும்போது ஏன் அணைக்க வேண்டும்?

இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத்தான் மலைப்பாதை தெரியும். வண்டிக்குள் பளிச்சென்று வெள்ளை விளக்கு எரிந்தால் கண்ணின் பழக்கம் கலைந்துவிடும், மறுபடி பழகப் பல நிமிடங்கள் ஆகும். அதோடு, உள்வெளிச்சம் முன் கண்ணாடியில் பிரதிபலிக்கும். மூடுபனி இறங்கிய நேரத்தில், கண்ணாடியில் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வளைவில் திரும்பும் ஓட்டுநரை நினைத்துப் பாருங்கள்.

அதனால் விதி ஒன்றே ஒன்றுதான்: ஏறும்போதும் இறங்கும்போதும் எரியட்டும், வண்டி நகரும்போது அணையட்டும். நிறமும் வெள்ளையைவிட மங்கலான மஞ்சள் நல்லது.

எப்படிப் பொருத்துவது?

நம்ம ஜீப்பிலும் காரிலும் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேருந்து, லாரிகளில் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24-ல் கொடுத்தால் கருகிவிடும். வாங்கும்போது கேட்டு வாங்குங்க.

மீட்டருக்கு சுமார் 5 வாட் எடுக்கும் ஸ்ட்ரிப்பில் 30 செ.மீ. துண்டுகள் 4 போட்டால் மொத்தம் 6 வாட், அதாவது அரை ஆம்பியர்தான். மின்சாரம் குறைவுதானே என்று ஃபியூஸை விட்டுவிடுவது பலர் செய்யும் தப்பு. ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கி, மெல்லிய ஒயர் இரும்பில் உரசித் தோல் உரிந்தால் ஷார்ட் ஆகும். அப்போது பேட்டரியின் முழு பலமும் அந்த ஒயர் வழியாகப் பாயும். 15 ஆம்பியர் ஃபியூஸ் அறுவதற்குள் மெல்லிய ஒயர் தீப்பிடித்துவிடலாம். எனவே இந்த விளக்குக்கென்று தனியாக 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ், மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கதவு உள்ள கார்களில் ரூம் லைட் எரியும் கதவு சுவிட்சோடு இதையும் இணைக்கலாம். கதவு திறந்தால் எரியும், மூடினால் அணையும். பழைய ஜீப்புகளில் கதவு சுவிட்சே இருக்காது. அங்கே ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் தனி சுவிட்ச் வையுங்கள். இரவு முழுக்க அணைக்க மறந்தால், 10 மணி நேரத்தில் 5 ஆம்பியர்-ஹவர் போய்விடும். புது பேட்டரி தாங்கும். பழைய பேட்டரி, குளிர்ந்த மலைக் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் காலை வாரிவிடும்.

கணினி வழியாக விளக்குகளைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் ஒயரை வெட்டி இணைக்காதீர்கள். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள், வாரண்டி நிபந்தனையையும் படியுங்கள். ஏர்பேக் ஒயர்கள் பொதுவாக மஞ்சள் உறைக்குள் இருக்கும். அதன் பக்கமே கை போகக் கூடாது.

ஈரக் காலும் சேறும் படும் இடம் இது. தண்ணீர் புகாத, மேலே சிலிக்கான் பூசிய ஸ்ட்ரிப்பே சரி. பின்பக்கப் பசையை மட்டும் நம்பாமல் கிளிப் போட்டு இறுக்குங்கள். தொங்கும் ஒயர் பிரேக் பெடலில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே தேவையில்லை.

பொருத்திய பிறகு 4 சோதனைகள்

1. கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றையும் முழுசா அழுத்திப் பாருங்கள். ஒயர் எதுவும் தட்டக் கூடாது.

2. இருட்டில் விளக்கை எரியவிட்டு ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள். கண்ணுக்கு நேராக விளக்கு தெரியக் கூடாது.

3. வண்டியின் முன்னும் பின்னும் நின்று பாருங்கள். வெளியே வெளிச்சம் வழியக் கூடாது.

4. அரை மணி நேரம் எரிந்த பிறகு ஒயரையும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சந்தேகம் இருந்தால்

வாடகை வண்டிகளுக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆய்வில் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒயரிங்கையும் பார்ப்பார். விளக்கு போடும் முன்பே தேனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. ஆர்.சி. விவரத்தை மாற்றும் அளவுக்குப் பெரிய வேலை என்றால், முன் அனுமதிக்கு பரிவாகன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல விளக்கு போட்டாலும், பெர்மிட்டில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றினால் கால் வைக்க இடமே இருக்காது. இடமும் வெளிச்சமும் சேர்ந்து இருந்தால்தான், காலையில் ஜீப் ஏறியவர் சாயங்காலம் பத்திரமாக வீடு திரும்புவார்.