வண்டியில் ஏறும் கம்ப்யூட்டர்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். கண்டக்டர் கையில் சிறிய டிக்கெட் மெஷின் ஒன்று இருக்கும். நெரிசலில் இடிபடுகிறது, வியர்வை படுகிறது, சில நேரம் கை தவறிக் கீழேயும் விழுகிறது. ஆனாலும் டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். உங்கள் வீட்டு லேப்டாப்பை ஒரு மாதம் அந்த பஸ்ஸில் வேலை செய்யவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று கம்ப்யூட்டர் வீட்டோடு நிற்பதில்லை. காந்தி மார்க்கெட்டில் சரக்கு ஏற்றும் மினி வேன், டிராவல்ஸ் வண்டி, ஏ.சி. ரிப்பேருக்குப் போகும் சர்வீஸ் வேன் என எல்லாவற்றிலும் பில் போட, வழி பார்க்க, கணக்கு வைக்க ஒரு கம்ப்யூட்டரோ டேப்லட்டோ தேவைப்படுகிறது. வாங்கி மாட்டிய சில மாதங்களில் அது கெட்டுப்போனால் பலரும் கம்பெனியைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கம்ப்யூட்டரில் இல்லை. அதை வண்டியில் வைத்த விதத்தில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ரக்கட் கம்ப்யூட்டர் என்றால் என்ன?

தூசி, தண்ணீர், அதிர்வு, சூடு ஆகியவற்றைத் தாங்கும்படி தயாரிக்கப்படும் கம்ப்யூட்டர்களை ரக்கட் கம்ப்யூட்டர் என்கிறார்கள். பானாசோனிக் நிறுவனம் 1996-இல் டஃப்புக் என்ற லேப்டாப் வரிசையைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் போலீஸ் ரோந்துக் கார்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டுப் பொருத்தியிருப்பது பெரும்பாலும் இந்த வகைக் கம்ப்யூட்டர்களே.

நம் ஊரிலும் வண்டிக்குள் எலெக்ட்ரானிக்ஸ் வந்து வெகுநாளாகிறது. தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்தால்தான் அருகில் உள்ளதை அனுப்ப முடியும். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்சி போன்ற பயணிகள் வாகனங்களில் ஏ.ஐ.எஸ்.-140 என்ற தரத்தின்படி இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. இப்படிப்பட்ட இடங்களில் கருவி நின்றுபோனால் நஷ்டம் பணத்தோடு முடியாது.

பெட்டியில் உள்ள எண்கள்

ரக்கட் கருவிகளில் ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் தூசியைக் குறிக்கும். 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும்.

மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை. இதில் கீழே போடும் சோதனை ஒன்று உண்டு. சுமார் 122 செ.மீ. உயரத்திலிருந்து 6 பக்கங்கள், 12 ஓரங்கள், 8 மூலைகள் என மொத்தம் 26 முறை போடுவார்கள். ஆனால் இதற்கென்று சான்றிதழ் தரும் அரசு அமைப்பு எதுவும் இல்லை. எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்று கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். எனவே அந்தப் பெயர் மட்டும் போட்டிருந்தால் போதாது. எதில் பாஸ் ஆனது, அதிர்வா, சூடா, விழுவதா என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் எதிரி கரண்ட்

வீட்டில் 230 வோல்ட் ஓரளவு சீராக வருகிறது. வண்டியில் அப்படி இல்லை. காரின் பேட்டரி 12 வோல்ட் என்றாலும், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தொடும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கலாம். பேட்டரி வயர் லூசாக இருந்து, ஆல்டர்னேட்டர் ஓடும்போது கழன்றால், பல மடங்கு வோல்டேஜ் திடீரென்று பாயும். பஸ், லாரிகளில் 24 வோல்ட். கார் சார்ஜரை அப்படியே லாரியில் செருகும் முன் அதன் மேல் '12-24 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்வெர்ட்டர் வைத்து 12-ஐ 230 ஆக்கி, பிறகு லேப்டாப் அடாப்டர் அதை 19 ஆகக் குறைப்பது வீண் சுற்று. இரண்டு முறை மாற்றுவதால் கரண்ட் வீணாகும், சூடும் கூடும். பேட்டரியிலிருந்து நேராக லேப்டாப்புக்கு வேண்டிய வோல்ட்டைத் தரும் டி.சி. அடாப்டரே நல்லது. பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது தீப்பிடிக்கும்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 45 வாட் லேப்டாப் 12 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்று வைத்துக்கொள்வோம். பாதியை ஸ்டார்ட் செய்ய மிச்சம் வைத்தால், என்ஜின் ஓடாமல் சுமார் 4 மணி நேரமே வேலை செய்யலாம். இரவு முழுக்க விட்டால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவி கிடைக்கிறது. அதைச் சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஸ்டாண்டு உயிர் காக்கும்

சீட்டின் மேல் சும்மா வைத்த லேப்டாப் வெறும் லேப்டாப் இல்லை. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி நின்றால், லேப்டாப் அதே வேகத்தில் முன்னால் பாயும். அதன் வேகம் 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். இரண்டு கிலோ எடை அந்த வேகத்தில் தலையில் பட்டால் என்ன ஆகும்?

எனவே ஸ்டாண்டை சீட் அடியில் உள்ள போல்ட்டுகளோடு சேர்த்து முறுக்க வேண்டும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் ஸ்டாண்டு போனுக்குச் சரி, லேப்டாப்புக்கு ஆகாது. ஏர்பேக் விரியும் இடத்தில் எதையும் பொருத்தாதீர்கள்.

அதிர்வுக்கும் ஒரு வழி இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேல் மயிரிழையைவிட மிக மெல்லிய இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. குண்டும் குழியுமான ரோட்டில் தட்டும் ஹெட்டும் உரசினால் உள்ளே இருப்பது போயிற்று. வண்டிக்கு எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டரையே வாங்குங்கள். அதில் அசையும் பாகமே கிடையாது.

கத்திரி வெயில்

பல சாதாரண லேப்டாப்களின் கையேட்டில், 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும் என்று எழுதியிருக்கும். சித்திரை, வைகாசியில் திருச்சியில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் சூடு இன்னும் பல டிகிரி ஏறும். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மீறினால் சீக்கிரம் உப்பும். வண்டியை நிறுத்தும்போது கம்ப்யூட்டரைக் கழற்றி எடுத்துச் செல்லும்படி ஸ்டாண்டு அமைவது இதனால்தான். திருட்டுப் பயமும் போகும்.

பில் போடும் சிறிய தெர்மல் பிரின்டரையும் டாஷ்போர்டில் வைக்காதீர்கள். அதன் காகிதம் சூட்டில் கறுக்கும் வகை. வெயிலில் கிடந்தால் முழு ரோலும் வீணாகும்.

டிரைவர் கவனத்திற்கு

வண்டி ஓடும்போது டைப் செய்வது கூடவே கூடாது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஓட்டும்போது போன் போன்ற கருவிகளைக் கவனம் சிதறாமல் வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம். போகும் இடத்தைக் கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

எதை முதலில் வாங்குவது?

ரக்கட் லேப்டாப்பின் விலை சாதாரண லேப்டாப்பைப் போலப் பல மடங்கு. மழையிலும் புழுதியிலும் வண்டியை விட்டு வெளியே எடுத்துச் சென்று வேலை செய்பவருக்கு அது தேவை. வண்டிக்குள் உட்கார்ந்து பில் மட்டும் போடுபவருக்கு நல்ல உறை போட்ட டேப்லட்டே போதும். ஆனால் ஃபியூஸ், சரியான அடாப்டர், உறுதியான ஸ்டாண்டு ஆகிய மூன்றும் இருவருக்குமே வேண்டும். கையில் உள்ள பணத்தில் முதலில் இவற்றுக்கு ஒதுக்குங்கள். மிச்சத்துக்கு ஏற்ற கம்ப்யூட்டரைப் பாருங்கள்.

அன்றாடம் வீடு திரும்பியதும் அன்றைய கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ காப்பி செய்யவும் மறவாதீர்கள். கம்ப்யூட்டர் போனால் வேறு வாங்கலாம்; கணக்கு போனால் கடையில் கிடைக்காது.