உஷார்! சிறுவிடைக் கூண்டில் பெருவிடையை அடைக்காதீர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் கோழி வளர்ப்பவர்களே, கத்திரி வெயில் வருவதற்குள் ஒருமுறை உங்கள் கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள்.

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பெருவிடைச் சேவலைப் பார்த்து மயங்கி வாங்கி வருகிறோம். கிரிராஜா, வனராஜாக் குஞ்சு வாங்குகிறோம். கையில் கொஞ்சம் காசு இருந்தால், கால்விரல் வரை இறகு மூடிய பிரம்மாவுக்கே போய்விடுகிறோம். கூண்டு மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ‘நாட்டுக்கோழிக் கூண்டு’ என்று சொன்னதும் வெல்டிங் பட்டறையில் அடித்துத் தரும் அந்த இரும்புப் பெட்டி, சிறுவிடையை மனதில் வைத்துச் செய்தது. ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கட்டிய வீட்டில் நான்கைந்து கிலோ சேவலைக் குடிவைத்தால், சேவல் அன்றைக்கே சாகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நொண்டியாகும். அதனால்தான் யாரும் கூண்டைச் சந்தேகிப்பதில்லை.

முதல் எமன், இரவில் கோழி அடைவதற்காக வைக்கும் மேல் கம்பி. சிறுவிடை மரத்தில் ஏறி அடையும் ஜாதி. அதற்கு மூன்றரை, நாலடி உயரம் விளையாட்டு. பெருவிடையும் ஆசையில் ஏறிவிடும். இறங்கும்போதுதான் வினை. இறக்கையை விரிக்கக்கூட இடமில்லாத கூண்டில், அத்தனை கனமும் சிமெண்ட் தரையில் உள்ளங்காலால் இறங்குகிறது. தினம் விடிந்தால் அதே குதி. தோல் கன்றிப்போய் வெடிக்கிறது. தோலிலும் அழுக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி அந்த வெடிப்பு வழியாக உள்ளே போகிறது. சில வாரத்தில் உள்ளங்காலில் கருப்பாக ஒரு பொருக்கு, அதைச் சுற்றி வீக்கம், உள்ளே கெட்டியான சீழ். ‘சுளுக்கு’ என்று மஞ்சள் பத்துப் போடுகிறோம். தயவுசெய்து பிளேடை எடுத்து நீங்களே கீறிவிடாதீர்கள். அந்தக் கிருமி மனிதர்களின் வெட்டுக்காயத்தையும் விடாது. ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அப்படியானால் கம்பி எங்கே இருக்க வேண்டும்? தரையிலிருந்து ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. கம்பியே வேண்டாம் என்பேன். மூன்று, நான்கு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தைப் படுக்கைவாட்டில் வையுங்கள். விளிம்பை மட்டும் இழைத்து மழுக்கிவிடுங்கள். உருண்டைக் குழாயை இந்தக் கனத்தோடு இரவெல்லாம் பற்றிக்கொண்டிருக்கப் பெரிய கோழிகளால் முடியாது. ஒரு கோழிக்கு ஓரடி நீளமாவது வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக ஏணி மாதிரி கட்டித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். எல்லாம் மேல் சட்டத்துக்குத்தான் அடித்துக்கொள்ளும்.

அடுத்தது கம்பிவலைத் தரை. எச்சம் கீழே விழுந்துவிடும், கழுவும் வேலை இல்லை என்று விற்கிறார்கள். கனத்த கோழி பாதி நேரம் உட்கார்ந்தேதான் இருக்கும். கம்பி காலை அறுக்கும், மார்பெலும்பின் மேல் தோல் தடித்துக் கொப்புளமாகும். கெட்டித் தரையும் அதன் மேல் நான்கு அங்குலம் உமியோ மரத்தூளோ இருந்தால் போதும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கூண்டு செய்து வாங்குபவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: வெல்டிங் முடிந்து வந்த கூண்டில் கம்பித் துண்டும் இரும்புச் சீவலும் கிடக்கும். மினுக்குவதையெல்லாம் கோழி கொத்தி விழுங்கும். ஒரு காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தடவி எடுத்துவிட்டு, பிறகு கோழியை விடுங்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடியில் 28 செ.மீ. மழை கொட்டியது. கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் எஸ்டேட்டுக்குள்ளும் தண்ணீர் வடியாமல் நின்றது. அதற்குப் பிறகு கூண்டு வைப்பவர்கள் பயந்துபோய் நாலடி உயர இரும்புக் கால் வைக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் வெள்ளம் மேலே தூக்கச் சொல்கிறது, கோழியின் கால் கீழே இறக்கச் சொல்கிறது. நாலடிக் கால் வைத்த கூண்டிலிருந்து பெருவிடை தினமும் வாசல் வழியாகக் குதித்தால், உள்ளே சட்டத்தைத் தாழ்த்தி என்ன பிரயோசனம்?

இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க ஒரே வழி, தரையையே உயர்த்துவதுதான். கடைசி வெள்ளம் உங்கள் சுவரில் விட்டுப்போன கறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலே அரையடி வருகிற மாதிரி செங்கல் மேடை கட்டி, கூண்டை அதன் மேல் உட்கார வையுங்கள். வாசலிலிருந்து கீழே ஒரு சாய்வுப் பலகை கட்டாயம் வேண்டும். மேடை இரண்டடி என்றால் பலகை ஆறடிக்குக் குறையக் கூடாது; அகலம் ஓரடிக்கு மேல்; குறுக்கே அரையடிக்கு ஒரு ரீப்பர் அடித்தால் கால் வழுக்காது. இடம் அடைக்கிறது என்று பலகையைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். கோழி அதைத் தொடாமல் பக்கவாட்டில் குதித்துவிடும். கறை இடுப்பளவில் இருக்கிறதா? அந்த வீட்டுத் தரைமட்டத்தில் பெருவிடை வேண்டாம், மாடிக்குக் கொண்டுபோங்கள். சிறுவிடையாவது மதில் மேல் ஏறிப் பிழைக்கும். பெருவிடைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

மாடி என்றதும் வெயில். கடற்காற்று நுங்கம்பாக்கத்தைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் பூந்தமல்லிக்கு வருகிறது. சில நாள் வருவதே இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். உடம்பு பெருத்தால் சூடு வெளியேறுவது கடினம். ஆகவே ஒரே கூண்டில் கனத்ததுதான் முதலில் சுருண்டு விழும். பிரம்மா குளிர்நாட்டில் உருவான கோழி, போர்வையைக் கழற்ற முடியாமல் நிற்கும். தகர ஷீட் கூரை ஐந்தடிக்குக் கீழே இருந்தால் உள்ளே அடுப்புதான். கூரையை ஏழடிக்கு உயர்த்துங்கள். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்து, ஓரடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். கீற்று இன்னும் குளிர்ச்சிதான், ஆனால் தீபாவளி ராக்கெட் விழும் மாடியில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். பகல் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை தீவனத்தை எடுத்துவிடுங்கள், தின்றது செரிக்கும்போதும் உடம்பு சூடாகும். தண்ணீரை மட்டும் இரண்டு இடத்தில், நிழலில் வையுங்கள்.

நெரிசல் இதையெல்லாம் விட மோசம். 4-க்கு 3 அடி கூண்டின் தளம் 12 சதுர அடி. ‘பத்து கோழி தாராளமாகப் பிடிக்கும்’ என்பார்கள். இந்தக் கனத்த ரகங்களில் ஒன்றுக்கு நான்கிலிருந்து ஐந்து சதுர அடி வேண்டும். இரண்டு வளர்க்கலாம், இழுத்துப்பிடித்தால் மூன்று. அதற்கு மேல் போனால் உமி ஈரமாகி அம்மோனியா கிளம்பும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. விடியற்காலை கூண்டைத் திறந்ததும் குனிந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் உங்கள் முகத்தை வையுங்கள். கண் எரிந்தால் அன்றைக்கே உமியை மாற்றுங்கள். பிரம்மாவின் கால் இறகில் ஈர எச்சம் உருண்டையாக ஒட்டிக் காய்ந்து நகத்தையே பெயர்த்துவிடும்.

வாசல் 14 அங்குலமாவது அகலம் இருக்கட்டும், குறுகினால் இறக்கை உரசிப் புண்ணாகும். முட்டைப் பெட்டி பக்கத்துக்கு 14 அங்குலம், தரையை ஒட்டி. உயரத்தில் வைத்தால் ஏற முடியாத பெட்டை மூலையில் போட்டு மிதித்து உடைக்கும். இரண்டு பெருவிடைச் சேவல் இருந்தால் நடுவே வலை போதாது. வலை வழியாகவே சண்டை போட்டு மண்டையைக் கிழித்துக்கொள்ளும். கீழ் இரண்டடிக்குப் பலகை அடித்து ஒன்றையொன்று பார்க்காதபடி மறையுங்கள். வெளிப்பக்கம் அறுகோணக் கோழிவலையை நம்பாதீர்கள். கீரிக்கும் பெருச்சாளிக்கும் அது நூல். அரை அங்குல வெல்ட்மெஷ் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காட்டுப்பாக்கத்திலும் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் உண்டு. அது நம் பூந்தமல்லி காட்டுப்பாக்கம் இல்லை, பொத்தேரிப் பக்கத்து ஊர். ஆட்டோ ஏறிவிட்டு அலையாதீர்கள்.

புதுக் கூண்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றே பட்டறைக்குப் போன் போடுங்கள். மேல் கம்பியை முழங்காலுக்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பணத்தைத் திருப்பி வாங்குங்கள்.