சொரியாசிஸுக்குத் தந்த ஜெல்லை ஊர் திரும்பிய பின் எப்படிப் பாவிப்பது?

மீள்குடியேறிய கிராமங்களில் நாங்கள் மேசை போட்டு உட்கார்ந்தால் முதலில் வருவது காணி, வீட்டுத்திட்டம், பிறப்புச் சான்றிதழ் பற்றிய கேள்விகள்தான். அவை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒருவர் பின்தங்கி நிற்பார். சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்து முழங்கையைக் காட்டுவார். சிவந்து தடித்த தோல், அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில். "முன்னம் இருந்த இடத்தில ஒரு ஜெல் தந்தவை பிள்ளை. அது முடியப் போகுது. இஞ்ச எங்க எடுக்கிறது?" என்று கேட்பார். மருந்து முடியப் போகிறது என்பதைவிட, மருந்தைப் பிழையாகப் பூசியதே சில நேரம் பெரிய பிரச்சினையாக இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. உங்கள் வைத்தியர் சொன்னதை மாற்றுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சொன்னதைக் கொட்டிலிலும் வாடியிலும் புதுவீட்டிலும் இருந்துகொண்டு சரியாகச் செய்வதற்காகவே எழுதுகிறோம்.

இது தொற்றாது

சொரியாசிஸ் கிருமியால் வருவதல்ல. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தவறாகத் தூண்டிவிடுகிறது. சாதாரணமாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் தோல், ஒரு சில நாட்களிலேயே வளர்ந்து மேலே குவிகிறது. அந்தக் குவியல்தான் செதில். ஒரே கிணற்றில் அள்ளிக் குளித்தாலோ, ஒரே பாயில் படுத்தாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலோ இது மற்றவருக்கு ஒட்டாது. தாய் தன் பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். கிணற்றடியில் ஒதுக்கி வைக்கப்படும் பெண்களையும், பள்ளிக்கூடத்தில் தனி வாங்கில் இருத்தப்படும் பிள்ளைகளையும் நினைத்தே இதை முதலில் எழுதுகிறோம். உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் 2014இல் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று, சொரியாசிஸைத் தொற்றாத, நாட்பட்ட, வேதனை தரும் நோய் என்று ஏற்றுக்கொண்டது. உலகில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. ஒதுக்கிவைக்க ஒரு நியாயமும் இல்லை.

சிலர் இதைக் குஷ்டம் என்று பயப்படுகிறார்கள். தொழுநோய்த் தழும்பில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும், தொட்டாலும் சுட்டாலும் சரியாகத் தெரியாது. சொரியாசிஸில் உணர்ச்சி இருக்கும், அரிக்கும், வெடித்தால் நோகும். ஆனாலும் பார்த்த பார்வையில் நாமே முடிவு செய்யக் கூடாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொழுநோயாகவே இருந்தாலும் அதற்கும் குணமாக்கும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

இடம்பெயர்ந்த பிறகுதான் கூடியது என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மனஅழுத்தம், தொண்டை நோவு, தோலில் படும் வெட்டுக்காயமும் உரசலும், புகைத்தல், மதுபானம் இவையெல்லாம் நோயைக் கிளப்பிவிடும். வலை இழுப்பவரின் கையில் கயிறு உராயும் இடத்திலேயே புதிய தழும்பு வரலாம். சில மருந்துகளும் அப்படித்தான். மலேரியாவுக்குக் குடிக்கும் குளோரோகுயின் சிலருக்குச் சொரியாசிஸைக் கூட்டும். மன்னாரில் ஒரு காலத்தில் அந்தக் குளிசை அறியாத வீடு இல்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட பிறகு அதன் தேவை போய்விட்டது, ஆனால் மூட்டுவாதம் போன்ற வேறு நோய்களுக்கு அது இன்னும் எழுதப்படுகிறது. பிரஷருக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் தரப்படும் சில குளிசைகளும் இந்த வகையில் சேரும். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். வைத்தியரிடம் போகும்போது எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஜெல்லுக்குள் என்ன இருக்கிறது?

சொரியாசிஸுக்கு எழுதப்படும் ஜெல்லில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று பீட்டாமெத்தசோன், இது ஸ்டீரொயிட் வகை, சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். மற்றது கல்சிப்போட்ரியோல், இது வைட்டமின் டி போன்றது, தோல் வேகமாக வளர்வதைத் தணிக்கும். வைட்டமின் டிக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். 1985இல் ஜப்பானில் எலும்புத் தேய்வுக்காக வைட்டமின் டி வகை மருந்து குடித்த ஒருவருக்கு, நெடுநாள் இருந்த சொரியாசிஸும் சேர்ந்து குறைந்ததை வைத்தியர்கள் கவனித்தார்கள். அதன் பிறகே இந்த வகைப் பூசுமருந்துகள் வந்தன.

டைவோபெட் போன்ற கம்பெனிப் பெயர்களை மட்டும் நம்பாமல், பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள் அல்லது பாமசியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வைத்திருப்பது இந்த இரண்டும் சேர்ந்த ஜெல் என்றால் கீழே உள்ளவை உங்களுக்குப் பொருந்தும். வேறு ஜெல் என்றால் முறையும் வேறு. உதாரணமாக, டசரோட்டீன் என்ற மருந்துள்ள ஜெல்லைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பூசும் முறை

நாளுக்கு ஒரு தடவை போதும். இரவில் பூசுவது வசதி. போத்தலை நன்றாகக் குலுக்கி, தழும்பு உள்ள இடத்தில் மட்டும் மெல்லிய படையாகத் தடவுங்கள். சுற்றியுள்ள நல்ல தோலில் வேண்டாம். "கூடப் பூசினால் கெதியில மாறும்" என்ற எண்ணம்தான் நாங்கள் அதிகம் காணும் பிழை. ஒரு நாளில் 15 கிராமுக்கு மேல் பூசக் கூடாது, வாரத்தில் 100 கிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் கை விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவு, உடலில் ஏறத்தாழ 100இல் ஒரு பங்கு. முப்பது உள்ளங்கை அளவுக்கு மேல் தழும்பு இருந்தால் இந்த ஜெல் மட்டும் போதாது, வைத்தியர் வேறு சிகிச்சை யோசிக்க வேண்டும். தலைக்கு மட்டும் பூசுபவருக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது.

தலையில் பூசும்போது மயிரை வகிடாகப் பிரித்து, மயிரில் அல்ல, தோலில் படும்படி தடவுங்கள். இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் கழுவலாம். கழுவும்போது ஒரு சிறு தந்திரம் இருக்கிறது. முதலில் தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த தலையிலேயே ஷாம்பூவைத் தேய்த்து ஓரிரு நிமிடம் விட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு இலகுவில் போகும். தண்ணீர் பவுசரை எதிர்பார்த்திருக்கும் கிராமங்களில் இதனால் இரண்டு வாளி தண்ணீராவது மிஞ்சும்.

முகத்தில் பூச வேண்டாம். அக்குள், மார்புக்குக் கீழ் மடிப்பு, கவட்டுப் பகுதி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் வேண்டாம். அங்கே தோல் மெல்லியது, மருந்து கூட உறிஞ்சப்பட்டுத் தோல் இன்னும் மெலிந்துபோகும், கோடு கோடாக வெடிக்கும். கண்ணுக்குள் போனால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். அந்த இடங்களுக்குப் பொருத்தமான வேறு மருந்துகள் உண்டு, வெட்கப்படாமல் வைத்தியரிடம் கேளுங்கள். பெண்கள் பெண் வைத்தியரையோ மருத்துவமாதுவையோ முதலில் கேட்கலாம்.

பூசிய இடத்தைப் பொலித்தீனாலோ துணியாலோ இறுக்கிக் கட்டாதீர்கள். பூசி முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். உள்ளங்கையிலேயே நோய் என்றால் மட்டும் அது பொருந்தாது. செதிலைக் கரைக்கும் சலிசிலிக் அமிலக் களிம்பை இதே இடத்தில் சேர்த்துப் பூசினால் கல்சிப்போட்ரியோல் வேலை செய்யாமல் போய்விடும். இரண்டும் உங்களிடம் இருந்தால் எதை எப்போது பூசுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்களும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களும் இந்த மருந்து பாவிக்கும் நாட்களில் தழும்புள்ள இடத்தில் கடும் வெயில் நேரே படாமல் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது.

எத்தனை நாள்?

தலைக்கு 4 வாரம், உடம்புக்கு 8 வாரம் என்பது வழக்கமான எல்லை. அதற்கு மேலும் வேண்டுமா என்பதை வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. மாதக்கணக்கில் விடாமல் பூசினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் வெளியே தெரியும், மருந்து உடலுக்குள் போய்ச் சீனி வருத்தக்காரருக்குச் சீனியைக் கூட்டும். அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் கூடிக் களைப்பும் தாகமும் மலச்சிக்கலும் வரும். நெடுங்காலம் பூசிவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலோ நோய் முன்னிலும் மோசமாகத் திரும்பி வரலாம், சில வேளை சீழ்க் கொப்புளங்களோடு.

ஊர் திரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. பயணம், பதிவு, வீடு துப்பரவாக்கல் என்று அலைந்து, மருந்து முடிந்த பிறகுதான் நினைவு வரும். போத்தல் கால்வாசிக்கு வரும்போதே கிளினிக்குக்குப் புறப்பட வேண்டும். சிலாவத்துறை, முள்ளிக்குளம் பக்கத்தில் இருந்து மன்னார் நகருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பது தெரியும். அதனால்தான் மற்ற வேலையோடு சேர்த்து முன்கூட்டியே திட்டமிடச் சொல்கிறோம்.

மருந்து முடிந்துவிட்டதே என்று பக்கத்து வீட்டுக்காரரின் களிம்பை வாங்கிப் பூசுவதும், உங்களுடையதை அவருக்குக் கொடுப்பதும் கூடாது. அவருக்கு இருப்பது படர்தாமரையாக இருக்கலாம். அதில் ஸ்டீரொயிட் பட்டால் சில நாள் அரிப்பு அடங்கும், பிறகு பூஞ்சணம் உடம்பெல்லாம் பரவும், வைத்தியருக்கே அடையாளம் தெரியாத உருவம் எடுக்கும். மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் இருந்து வந்தவர்கள் பலர் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய டியூப்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்டீரொயிட், பூஞ்சணக் கொல்லி, அன்டிபயோட்டிக் மூன்றும் கலந்த களிம்புகள் அங்கே நெடுங்காலம் சீட்டு இல்லாமலே விற்பனையாகின. ஸ்டீரொயிட் பூசுமருந்துகளை மருந்துச்சீட்டுக்கு மட்டும் தரும் பட்டியலில் இந்திய அரசு 2018இல்தான் சேர்த்தது. அப்படி டியூப் எதுவும் இருந்தால் எறிய வேண்டாம், பூசவும் வேண்டாம். வைத்தியரிடம் காட்டுங்கள், இதுவரை என்ன பூசினீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். முகத்தை வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றிலும் இதே ஸ்டீரொயிட் ஒளிந்திருக்கிறது. கலியாணத்துக்கு முன் பிள்ளைகளுக்கு அதை வாங்கிக் கொடுக்கும் தாய்மார் இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசிக்கட்டும்.

தகரக் கூரையும் குப்பி விளக்கும்

மதியம் தகரக் கூரைக்குக் கீழே வளையில் செருகிய மருந்து அடுப்பில் வைத்தது மாதிரித்தான். ஜெல்லைக் கூரைப் பக்கம் வைக்காமல் தரைமட்டத்தில், நிழலில், குளிர்ந்த மூலையில், அதன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தண்ணீர்ப் பானை இருக்கும் பக்கம் நல்ல இடம், சின்னப் பிள்ளைகளின் கை எட்டாதபடி மூடி வைத்தால் சரி. ஃபிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் கூடாது. திறந்த திகதியைப் போத்தலில் எழுதி ஒட்டுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது பெட்டியில் இருக்கும்.

நெருப்பைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. ஜெல்லிலும் ஈரப்பதன் தரும் களிம்புகளிலும் பரபின் இருக்கிறது. அது ஊறிக் காய்ந்த உடுப்பும் தலையணை உறையும் சட்டென்று தீப்பற்றும், கழுவினாலும் முழுமையாகப் போகாது. விறகடுப்பில் சமைப்பவர்கள், குப்பி விளக்குப் பக்கத்தில் படுப்பவர்கள், பூசியபடி பீடி பற்றவைப்பவர்கள் கவனம். இரவில் பூசும்போது உடுக்கும் உடுப்போடு காலையில் அடுப்படிக்குப் போக வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்த ஜெல்லைத் தொடர்வதற்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். பாலூட்டுபவர் மார்பில் பூசவே கூடாது. பெரியவருக்குத் தந்ததைப் பிள்ளைக்குப் பூச வேண்டாம்.

எங்கே போவது?

தலைமன்னார், முருங்கன், சிலாவத்துறை என்று உங்களுக்குக் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு முதலில் போங்கள். தோல் வைத்திய நிபுணரைக் காண வேண்டுமானால் அங்கிருந்தோ மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இருந்தோ கடிதம் தருவார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. கிளினிக் கொப்பி தொலைந்துபோனவர்கள் வெறும் போத்தலையும் பெட்டியையும் கொண்டுபோனாலே பாதி வேலை முடிந்தது. கையில் ஃபோன் இருந்தால் இன்றைக்கே பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள்.

இதே ஜெல் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லாவிட்டால் வெளியே வாங்கத் துண்டு எழுதுவார்கள், அதன் விலை எல்லோருக்கும் கட்டாது. கட்டாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன் கிரீம், தார் கலந்த களிம்பு, எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் போன்ற பழைய மருந்துகளும் வேலை செய்பவைதான், இலவசமாகத் தந்தது என்பதற்காக மட்டமானது அல்ல. வெளியே வாங்கக் காசு இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு மருந்தையே விட்டுவிடுகிறவர்களைத்தான் நாங்கள் மூன்று மாதத்துக்குப் பிறகு மோசமான நிலையில் காண்கிறோம்.

காலையில் எழும்ப விரல் மூட்டுகள் விறைத்து நொந்தால் அதையும் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும், அதற்குப் பூசுமருந்து போதாது. உடம்பு முழுவதும் சிவந்து தோல் உரிந்தாலோ, சீழ்க் கொப்புளங்கள் திடீரென்று கிளம்பினாலோ, அதோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலவச அம்புலன்ஸுக்கு எண் 1990. அந்த எண் மன்னாரில் பலருக்கு வேறொன்றை நினைவூட்டும். மறக்காமல் இருக்க அதுவே போதும்.