காய்ச்சல் வலிப்பும் ஏறிய சர்க்கரையும்

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் 102 டிகிரி. திடீரெனக் கண்கள் மேலே செருகி, கைகால்கள் வெட்டி இழுக்கின்றன. இரண்டு நிமிடங்களில் அடங்கிவிடுகிறது. மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 170. ‘இந்த வயசுலயே சுகரா?’ என்று பெற்றோர் கலங்குகிறார்கள். பெரும்பாலும் அது சர்க்கரை நோய் அல்ல.

யாருக்கு வரும்?

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை, 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ வந்திருந்தால் வாய்ப்பு கூடுதல்.

சர்க்கரை ஏன் ஏறுகிறது?

காய்ச்சலும் வலிப்பும் உடலுக்கு நெருக்கடி. உடனே அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் கூடுதலாகச் சுரக்கின்றன. கல்லீரலின் இருப்பிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் கலக்கிறது. வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் உயரலாம். நெருக்கடி தணிந்ததும் சர்க்கரை தானே இறங்கிவிடும். மறுபரிசோதனையில் அது தெரியும். அப்போதும் இறங்காவிட்டாலோ, அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக்குறைவு இருந்தாலோ மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

நெருக்கடியின்போது மூளை சுரக்கும் சி.ஆர்.ஹெச். என்ற ஹார்மோன் எலிக்குட்டிகளுக்கு வலிப்பைத் தூண்டுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை வைத்து, ‘அழவிட்டதால்தான் வந்தது’ என்று தாயைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

வலிப்பு வந்தால்

குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது. இழுப்பை அழுத்திப் பிடிக்கவும் கூடாது.

உடனே 108

வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வந்தாலோ, பிறகும் குழந்தை தெளியாவிட்டாலோ, கழுத்து விறைத்தாலோ தாமதிக்காதீர்கள். மூளைக்காய்ச்சல் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். முதல்முறை வலிப்பு என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுபடி வருமா?

ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு வரலாம். பாராசிட்டமால் காய்ச்சலின் அவதியைக் குறைக்குமே தவிர, வலிப்பைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு அறிவுத்திறனைப் பாதிப்பதில்லை. பின்னாளில் கால்கை வலிப்பாக மாறுவதும் அரிது. அடுத்தமுறை வந்தால், உடனிருப்பவர் ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும். எத்தனை நிமிடம் நீடித்தது, எந்தப் பக்கம் இழுத்தது என்பதைச் சொல்வதைவிட மருத்துவருக்குக் காட்டுவது தெளிவு.