வீடு கட்டக் கொடுத்த பணம் எங்கே போனது? ஆம்ரபாலி வழக்கு ஆரணிக்குச் சொல்லும் பாடம்!

ஆரணியில் பட்டுப்புடவை நெய்யும் வீடுகளில் எல்லாமே எடைக் கணக்குதான். பட்டையும் ஜரிகையையும் முதலாளி எடைபோட்டுக் கொடுப்பார். நெய்து முடித்த புடவையும் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் கூலி கைக்கு வரும். எடை குறைந்தால் கேள்வி வரும்.

ஆனால், பல வருடச் சேமிப்பு, நகைக் கடன், பேங்க் லோன் எல்லாம் சேர்த்து வீடு கட்டும்போது இந்தக் கணக்கு பல குடும்பங்களில் காணாமல் போய்விடுகிறது. 'தெரிஞ்ச கான்ட்ராக்டர்தானே' என்று லட்சக்கணக்கில் முன்பணம் கைமாறுகிறது. ரசீது என்று பார்த்தால் ஒரு துண்டுச் சீட்டு. அந்தப் பணத்தில் வாங்கிய கம்பியும் சிமென்ட்டும் உங்கள் மனைக்கு வந்தனவா, அவர் பாதியில் விட்டுவைத்த இன்னொருவர் வீட்டுக்குப் போயினவா? கேட்டால் பதில் வராது. சில மாதங்களில் போனும் எடுக்க மாட்டார்.

ஒரு வேலைக்கு வாங்கிய பணத்தை வேறு இடத்துக்குத் திருப்புவது, நிறுவனத்தின் பதிவையே பறிக்கக்கூடிய தவறு. இதற்கு நம் நாட்டில் நடந்த மிகப் பெரிய உதாரணம், ஆம்ரபாலி.

42,000 குடும்பங்களின் கனவு

டெல்லியை ஒட்டிய நொய்டா, கிரேட்டர் நொய்டாவில் அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்ன நிறுவனம் ஆம்ரபாலி. நம்ம 'தல' தோனிதான் அதன் விளம்பரத் தூதர். 42,000-க்கும் அதிகமானோர் வீடு புக் செய்தார்கள். பணம் கட்டியும் வருடக்கணக்கில் வீடு வரவில்லை. பலர் ஒரு பக்கம் வீட்டு வாடகை, மறுபக்கம் வீட்டுக் கடன் தவணை என இரண்டையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்புவாசிகள் சமூக வலைதளங்களில் கேள்வி கேட்கத் தொடங்கியதும், 2016-ல் தோனி தூதர் பொறுப்பிலிருந்து விலகினார்.

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிறுவனத்தின் கணக்குகளைத் தோண்டிப் பார்க்க தடயவியல் தணிக்கையாளர்களை நீதிமன்றம் நியமித்தது. ஆவணங்களை அவர்களிடம் ஒப்படைக்காததால், 2018 அக்டோபரில் நிறுவனத் தலைவர் அனில் குமார் சர்மா உள்ளிட்ட மூன்று இயக்குநர்களைப் போலீஸ் காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

தணிக்கையில் வெளிவந்தவை அதிர்ச்சி ரகம். ஆபீஸ் பையன்கள், டிரைவர்கள் பெயரில் நிறுவனங்கள் தொடங்கப்பட்டிருந்தன. சதுர அடி 1 ரூபாய், 5 ரூபாய், 11 ரூபாய் என்ற விலைக்கெல்லாம் வீடுகள் பதிவாகியிருந்தன. வீடு வாங்கியவர்கள் கட்டிய பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கும் மேல் வேறு இடங்களுக்குத் திருப்பப்பட்டதாகத் தணிக்கை அறிக்கை சொன்னது.

2019 ஜூலை 23 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, யு.யு.லலித் அமர்வு தீர்ப்பளித்தது. ரெரா சட்டத்தின்கீழ் ஆம்ரபாலி பெற்றிருந்த பதிவு ரத்து செய்யப்பட்டது. நில குத்தகைகளும் ரத்தாயின. மீதி வேலையை முடிக்கும் பொறுப்பு, மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி-யிடம் போனது. ஆம்ரபாலியின் கணக்கைச் சரிபார்த்த ஆடிட்டர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி, பட்டயக் கணக்காளர்கள் நிறுவனத்துக்கும் உத்தரவு பறந்தது.

ஆனால், பதிவு ரத்தான மறுநாளே யாருக்கும் சாவி கிடைத்துவிடவில்லை. பாக்கித் தொகையைக் கட்டிவிட்டு, மக்கள் மேலும் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒழுங்கு நடவடிக்கை தவறு செய்தவரைத் தண்டிக்கும். போன பணத்தை உடனே மீட்டுத் தராது.

70 சதவிகித விதி தெரியுமா?

இப்படிப்பட்ட மோசடிகளைத் தடுக்கத்தான் 2016-ல் ரெரா சட்டம் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது 8-க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட விற்பனைத் திட்டம் என்றால் பதிவு கட்டாயம். வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவிகிதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வேலை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் மூவரும் சான்று தந்தால்தான், அந்த அளவுக்குப் பணம் எடுக்க முடியும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன்பு 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

மீறினால், ஆணையம் குறைந்தது 30 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்கும். விளக்கம் சரியில்லை என்றால் பதிவை ரத்து செய்யலாம். அப்படி ரத்தானால் வங்கிக் கணக்கு முடக்கப்படும். நிறுவனத்தின் பெயர், தவறு செய்தவர்கள் பட்டியலில் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும். தமிழ்நாட்டுக்கான ஆணையம் சென்னையில் இருக்கிறது. மனைப் பிரிவில் பிளாட் வாங்குபவர்களும் அதன் இணையதளத்தில் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

சொந்த மனையில் கட்டினால்?

இங்கேதான் சிக்கல். உங்கள் சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்து நீங்களே வீடு கட்டினால், அது விற்பனைத் திட்டம் இல்லை. அதனால் ரெரா உதவிக்கு வராது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கான்ட்ராக்டர்களுக்கென்றே மாநில உரிம வாரியம் இருக்கிறது. ஒரு வேலைக்கு வாங்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்பினாலே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று அங்கே சட்டம் சொல்கிறது. வீட்டைச் சீரமைக்கும் வேலைக்கு முன்பணமாக 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவிகிதம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்க முடியாது.

தனி வீடு கட்டும் கான்ட்ராக்டருக்கு நம் ஊரில் அப்படி ஒரு வாரியம் இல்லை. விசிட்டிங் கார்டில் 'பொதுப்பணித் துறை முதல் வகுப்பு ஒப்பந்ததாரர்' என்று இருக்கலாம். அந்தப் பதிவு அரசு டெண்டர்களுக்கானது. உங்கள் வீட்டுக் கணக்கை அது பாதுகாக்காது.

அதனால் தராசு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

* முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போடுங்கள். என்ன சிமென்ட், என்ன கம்பி, எத்தனை மாதம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.
* கடைக்கால், பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு எனப் பணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் முடிந்த பிறகு அதற்கான பணத்தைக் கொடுங்கள்.
* பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். பொருள்களுக்கான பில் உங்கள் பெயரில் இருக்கட்டும்.
* ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

முதலில், வேறொரு பொறியாளரை வைத்து இதுவரை நடந்த வேலையின் மதிப்பை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்த பணத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வழக்கின் உயிர். பிறகு கான்ட்ராக்டருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

அடுத்தது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சட்டப்படி ஒரு சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 2019-ம் ஆண்டு சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். கான்ட்ராக்டர் வேலூர்க்காரராக இருந்தாலும் சென்னைக்காரராக இருந்தாலும், ஆரணியில் இருப்பவர் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும்.

போலீஸுக்கும் போகலாம். நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையற்ற எண்ணத்துடன் வேறு வழியில் பயன்படுத்துவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின்கீழ் குற்றம். வேலை தாமதமானது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. பணம் திசைமாறியதைக் காட்டும் ஆதாரம் வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க, பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடங்கள்தான் அவகாசம். 'ஆடி போகட்டும்', 'பொங்கல் முடியட்டும்' என்று கான்ட்ராக்டர் சொல்லும் ஒவ்வொரு தவணையும் அந்த 2 வருடத்தில்தான் கழிகிறது!