துள்ளும் நேரத்துக்கும் புள்ளி உண்டு!

சர்க்கஸில் ஊஞ்சல் வித்தை காட்டும் கலைஞர்கள், வித்தை முடிந்ததும் கீழே கட்டியுள்ள பாதுகாப்பு வலையில் குதிப்பார்கள். வலை அவர்களை மீண்டும் மேலே தூக்கிவிடும். 1930-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதைப் பார்த்த 16 வயது மாணவர் ஒருவருக்கு, இப்படியே தொடர்ந்து துள்ளிக்கொண்டிருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அவர் பெயர் ஜார்ஜ் நிசன். அவரும் சீருடற்பயிற்சி வீரர்தான்.

வீட்டின் கார் கொட்டகையில், இரும்புச் சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிப் பார்த்தார். 1934-இல் பயிற்றுநர் லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து அதை மேம்படுத்தினார். ஸ்பானிய மொழியில் நீச்சல்குளத்தின் குதிபலகையைக் குறிக்கும் 'டிராம்போலின்' என்ற சொல்லே பின்னர் அக்கருவிக்குப் பெயரானது.

அது நம்மை எப்படித் தூக்குகிறது? கீழே இறங்கும் உடலின் இயக்கச் சக்தி, விரிப்பையும் அதைச் சுற்றியுள்ள சுருள்வில்களையும் இழுக்கிறது. இழுபட்ட வில்களில் சேமிப்பாகும் சக்தி, அவை சுருங்கும்போது உடலுக்கே திரும்புகிறது. இதில் சிறிதளவு வெப்பமாக வீணாகும். அந்த இழப்பை வீரரின் கால் தசைகள் ஈடுகட்டுகின்றன. போட்டிக்கான விரிப்பை நைலான் பட்டைகளால் இடைவெளி விட்டுப் பின்னுவார்கள். காற்று அதன் ஊடே போய்விடுவதால் தடையும் குறைவு.

1964-இல் இதற்கென அனைத்துலகச் சம்மேளனம் அமைந்தது. அதே ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. 1999-இல் அச்சம்மேளனம் அனைத்துலகச் சீருடற்பயிற்சிச் சம்மேளனத்துடன் இணைந்தது. மறு ஆண்டே, சிட்னியில், டிராம்போலின் ஒலிம்பிக்கில் நுழைந்தது. இரு தங்கப் பதக்கங்களையும் ரஷ்யாவின் அலெக்சாண்டர் மொஸ்கலென்கோவும் இரினா கரவயேவாவும் வென்றனர். நிசனும் அங்கிருந்து அதைக் கண்டு மகிழ்ந்தார்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வீரர் அடுத்தடுத்து 10 வித்தைகளைச் செய்ய வேண்டும். அவை எவ்வளவு கடினம், எவ்வளவு நேர்த்தி என்பதற்கு மட்டுமே புள்ளிகள் கிடைத்தன. மற்றவரைவிட உயரமாக எழும்பியவருக்கு அதற்கெனத் தனிப் புள்ளி இல்லை. இது நியாயமா?

விடை இயற்பியலில் கிடைத்தது. உயரத்தை நேரடியாக அளப்பது கடினம். நேரத்தை அளப்பது எளிது. பாதம் விரிப்பை விட்டு எழும் கணத்தையும் மீண்டும் தொடும் கணத்தையும் கருவி பதிவு செய்யும். காற்றில் இருக்கும் ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு புள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இம்முறை முதன்முதலாகப் பயன்பட்டது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். காற்றில் 2 வினாடி இருப்பவர், மேலே செல்ல 1 வினாடியும் கீழே வர 1 வினாடியும் எடுப்பார். 1 வினாடியின் வர்க்கத்தை 4.9-ஆல் பெருக்கினால் அவர் எழும்பிய உயரம் 4.9 மீட்டர். 1.8 வினாடி இருந்தவருக்குப் பாதி நேரம் 0.9 வினாடி, அதே கணக்குப்படி உயரம் ஏறக்குறைய 4 மீட்டர்தான். நேரத்தில் 0.2 வினாடி குறைந்தால், உயரத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் குறைந்துவிடுகிறது!

அடுத்த முறை தொலைக்காட்சியில் டிராம்போலின் போட்டியைக் கண்டால், கையில் ஒரு நிறுத்தற்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.